ஜிப்ஸிக்குக் கிடைத்த வேலை

“உங்க நாய் இன்னைக்கும் அபுபக்கர் பாய் மேல விழுந்துருச்சுங்க. இனிப் பொறுக்க முடியாது. எங்கயாச்சும் அனுப்பிருங்க.”

காந்தல் முக்கில் டீக்கடை வைத்திருக்கும் கணேசன், கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

ஜீவிதாவுக்கு அவமானமாக இருந்தது. ஒன்றும் புரியவுமில்லை.

ஜிப்ஸி ஆடு மேய்க்கும் சாதி நாய். வந்த புதிதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடி, குதிகாலைக் கவ்வி, எல்லாரையும் ஒரே மூலையில் கொண்டுபோய் நிறுத்தும். பிள்ளைகள் அலறுவார்கள்.

“கெட்ட நாய் இல்லீங்க. சிதறி நிக்கறதை ஒண்ணாச் சேர்க்கறது இதோட ரத்தத்துலயே இருக்கு. மேய்க்க ஏதாச்சும் குடுங்க, அடங்கிரும்” என்றார் கால்நடை டாக்டர்.

எதிர்வீட்டுக் கனகமணியின் ஆடுகளைச் சாயங்காலம் பட்டிக்கு ஓட்டி வரும் வேலை ஜிப்ஸிக்குக் கிடைத்தது.

“சம்பளமும் கேக்காது, லீவும் கேக்காது. எனக்கென்ன கசக்குதா?” என்று சிரித்தாள் கனகமணி.

அதன்பிறகு பிள்ளைகள் பக்கம் ஜிப்ஸி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோபாவைக் கடிப்பதும் நின்றது. ஆனால் இப்போது தினமும் ஆடுகளை அடைத்த கையோடு டீக்கடைப் பக்கம் ஓடிவிடுகிறது.

“பாயோட சம்சாரம் நஸீமாம்மா போயி வருசம்கூட ஆகல. மனுசன் எதிர்த்த படிக்கட்டுல நிம்மதியா உக்காந்திருக்காரு” என்றார் கேட்டருகே நின்ற கணேசன். “தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நாங்களே அவருகூட ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. உங்க நாய்க்கு அந்த இங்கிதம் வேண்டாமா?”

“நாய்க்கு இங்கிதமா? உமக்கே இப்பத்தானய்யா வந்துச்சு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

ஜிப்ஸியைக் கோத்தகிரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட முடிவு செய்தாள் ஜீவிதா. அதற்குமுன் பெரியவர் அபுபக்கரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் சங்கிலியை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போனாள்.

நல்ல பனி. டீக்கடை வாசலில் தகர டின்னில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள், கையில் கிளாஸ், ஒரே பேச்சு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பூட்டிய கடையின் படிக்கட்டில், கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு அபுபக்கர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஜிப்ஸி ஓடி வந்தது. அவரை ஒரு சுற்றுச் சுற்றியது. ஸ்வெட்டர் நுனியைக் கவ்வி இழுத்தது. அவர் எழுந்ததும் பின்னால் போய், முழங்காலுக்குப் பின்புறம் தலையை வைத்துத் தள்ளியது.

பெரியவர் அதை விரட்டவில்லை. அது தள்ளத் தள்ள நடந்தார். ரோட்டைத் தாண்டினார். நெருப்பின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

“ச்சீ, போ!” கணேசன் விறகுக் கட்டையோடு பாய்ந்து வந்தார். ஜிப்ஸி ஒதுங்கியது. அவர் பெரியவரின் கையை மரியாதையோடு பிடித்துக்கொண்டார். “பயப்படாதீங்க பாய். நீங்க வந்து உங்க எடத்துல நிம்மதியா உக்காருங்க.”

திரும்பவும் அதே படிக்கட்டில் அவரை உட்காரவைத்துவிட்டு, நெருப்புக்குப் போய்விட்டார்.

ஜீவிதா ஜிப்ஸிக்குச் சங்கிலியை மாட்டிக்கொண்டு பெரியவர் முன்னால் போய் நின்றாள்.

“மன்னிச்சுக்கங்க பாய். நாளைக்கே இதைக் கோத்தகிரிக்கு அனுப்பிடறேன். இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.”

அபுபக்கர் பதறிப்போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம்மா, அனுப்பிராதே. நஸீமா போனதுக்கப்புறம், ‘தனியா உக்காராதீங்க, வாங்க’ன்னு இந்தத் தெருவுல என்னைக் கூப்பிடறது இது ஒண்ணுதாம்மா.”