துரையின் பாய்ப்படகு

சீமைக்குக் கப்பலேறும் தேயிலைத் தோட்டத்துத் துரை, நுவரெலியா ஏரியில் ஓட்டிய பழைய பாய்ப்படகை விற்றுவிடும்படி தோட்ட ஆபீஸ் கிளாக்கர் முத்துலிங்கத்திடம் சொல்லியிருந்தார்.

வாங்க வந்த தோட்டத் தலைவர் செல்லசாமி, அடிப்பலகை உளுத்திருக்கிறதா என்று கத்தி நுனியால் குத்திப் பார்த்தார். ஆணித் துருவைச் சுரண்டினார். பாயின் தையலை இழுத்தார். படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, கசிகிறதா என்று காத்திருந்தார்.

கிளாக்கருக்குப் பொறுமை போயிற்று. "எத்தனை பேருப்பா ஏறப் போறீங்க?"

"ஒருத்தருதாங்க. வருசத்துக்கு ஒரு நாளு."

"அதுக்கா இந்தப் பாடு? அவருக்கு நீச்சல் தெரியாதா?"

"நீந்தி நாங்க பாத்ததில்லீங்க. முங்கிட்டாங்கன்னா லயத்து வீடுங்கள்ல எனக்குச் சோறு தண்ணி கெடைக்காது."

மாசி மகத்தன்று ஏரிக்கரைக்குப் போன முத்துலிங்கம் வாய் பிளந்து நின்றார். படகு நிறையப் பூ. பாயே பந்தலாகியிருக்க, அதனடியில் தோட்டத்து மாரியம்மன்.

கும்பிட்டார். கும்பிட்ட கையோடு குனிந்து, உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.