நடுத்தூண்

"இந்தத் தூண் இருக்கக் கூடாது, உஸ்தா. எடுத்துடணும்" என்று ஹாஜி மித்வல்லி கைத்தடியால் தட்டிக் காட்டினார். "ரெண்டு அறையையும் ஒண்ணாக்கிப் பெரிய கடை போடப் போறேன். இது இப்படிக் குறுக்கே நின்னா எவன் உள்ளே வருவான்?"

மேஸ்திரி பயூமி அண்ணாந்து பார்த்தார். அலெக்ஸாண்ட்ரியாவின் பழைய வீடு, கடல் காற்று தின்ற சுவர். தூணின் தலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி ஜன்னல் வரைக்கும் ஓடியிருந்தது. மேலே நான்கு மாடி, அத்தனையிலும் குடும்பங்கள். மொத்தப் பாரமும் இந்த ஒற்றைத் தூணில்தான் இறங்குகிறது என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

வேறு நாளாக இருந்தால் "முடியாது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்திருந்தார். சுவரை உடைக்கச் சொன்ன மருந்துக் கடைக்காரரோடு வாக்குவாதம், மாடிக்கு மேல் மாடி கேட்டவரோடு சண்டை. பிழைக்கத் தெரியாத மனுஷன்! அவர் உதறிய வேலையையெல்லாம் அஷ்ரி என்பவன் பல்லைக் காட்டிக்கொண்டு செய்தான். இன்று அவன் காரில் போகிறான், பயூமியின் வேலைச் சாமான்கள் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மகன் ஹம்தி வேலையில்லாமல் வெறுத்துப்போய், லிபியா வழியாகக் கள்ளப் படகில் இத்தாலிக்குப் போக ஆள் பிடித்துவிட்டான். அவனோடு படித்த ஒரு பையனின் உடலைப் போன மாதம்தான் கடல் கரையில் ஒதுக்கியிருந்தது.

"இன்னிக்கு ஒரு வேலை பேசிட்டு வர்றேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம், போகாதடா" என்று காலையில் மகனின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வந்திருந்தார் பயூமி.

"சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்ப்பா. அதுக்கப்புறம் வண்டி வந்துடும்" என்றான் ஹம்தி.

"என்ன உஸ்தா, பேச்சையே காணோம்?" என்றார் ஹாஜி.

"மேல ஆளுங்க குடியிருக்காங்களே, ஹாஜி..."

"இருந்தா இருக்கட்டுமே. அஷ்ரி வந்து பாத்தான். ஒண்ணும் ஆகாது, சட்டுனு எடுத்துடலாம்னு சொல்லிட்டான்."

அஷ்ரி! இங்கேயும் வந்துவிட்டானா?

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. "தாத்தா, பிஸ்கட்!" என்று மேலிருந்து ஒரு குழந்தை கத்தியது. ஹாஜி அங்கிப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கூடையில் போட்டு, "இழுத்துக்கோடி ராசாத்தி" என்றார்.

பயூமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்தால் வாய் உண்மையைச் சொல்லிவிடும் என்று பயமாக இருந்தது.

"உங்களைப் பத்தி நாலு இடத்துல விசாரிச்சேன். தொழில் தெரிஞ்சவர்னு சொன்னாங்க" என்றார் ஹாஜி. "அதனால கேக்கறேன். இதை எடுத்தா வீடு நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்." தன் குரல்தானா இது என்று பயூமிக்கே சந்தேகமாக இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? ஒண்ணும் ஆகாது, ஹாஜி. நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். நானும் என் பையனும் வர்றோம்."

"உங்க பிள்ளை மேல சத்தியமா?"

பயூமி தூணின் மேல் கையை வைத்தார்.

"என் பிள்ளை மேல சத்தியமா."

ஹாஜி மூலையில் கவிழ்ந்து கிடந்த பெயிண்ட் டப்பா மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"தூணை எடுக்கற வேலையே இல்ல, உஸ்தா" என்றார். "கடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. விரிசல் விட்ட கட்டடம், அடியிலேருந்து உச்சி வரைக்கும் பலப்படுத்தணும். அந்த வேலையை எடுத்தவருக்கு வருஷக்கணக்கா வேலை இருக்கும்."

பயூமி தூணையும் ஹாஜியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் தம்பி வீட்டுலயும் ஒரு மேஸ்திரி, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் சுவரை உடைச்சான். வீடு மொத்தமா உக்காந்துடுச்சு. தம்பி பிள்ளைங்களை இந்தக் கையாலதான் கல்லுக்குள்ளேருந்து எடுத்தேன். அதான், வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் தூணை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்."

"ஹாஜி, எனக்குத் தெரியும்! எடுக்கக் கூடாதுன்னு பாத்ததுமே தெரியும்! என் பையன் இன்னிக்கு..." பயூமிக்கு வாய் குழறியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுமா சத்தியம் பண்ணினீங்க?"

ஹாஜி எழுந்துபோய்த் தெருக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர் கண்களும் கலங்கியிருந்தன.

"மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ற மனுஷன்னு கேள்விப்பட்டுத்தானே உங்களைத் தேடிப் பிடிச்சேன்!"