இடது காது

மூன்று நாளாக இடது காதில் ஒலி மங்கலாகத்தான் விழுகிறது. கணினியின் ஒலி அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டாள். மருத்துவர்களின் குரல்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து பிழைப்பவளுக்கு, காதே போய்விட்டதோ என்று பயம். இயர்போனை இடம் வலம் மாற்றிச் செருகுகிறாள். இப்போது வலது காதில் மங்கல். அப்பாடா, காதில் கோளாறில்லை! மங்கலடித்த முனையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்புகிறாள். சின்னச் சல்லடை முழுக்கப் பழுப்பாகப் பிசுபிசுக்கும் காதழுக்கு, அதில் ஒட்டியபடி ஒரு சுருட்டை முடி. அதை இரு விரல் நுனியில் தூக்கிப் பிடிக்கிறாள். "தம்பி, இத நீங்க எடுத்தீங்களா?" சோபாவில் கிடக்கும் சுருட்டைத்தலைக் கொழுந்தன் சுண்டுவிரலால் காதைக் குடைகிறான். "ரெண்டு மூணு தடவதான் அண்ணி. நானே சொல்லணும்னு நெனச்சேன், அதுல சத்தமே சரியில்ல." குடைந்த விரலை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, சோபாவிலேயே துடைக்கிறான்.