சோப்புத் தண்ணீரில் தோட்டா

"சட்டைக்குத்தான் சோப்புப் போடுவாங்க. இவங்க தோட்டாவுக்கும் போட்டிருக்காங்கப்பா!"

துப்பாக்கிக் கடையில் சில்லறைக்காகக் காத்திருந்த பெரிய மீசைக்காரர், பக்கத்திலிருந்தவரின் காதில் சொல்வதாக நினைத்துச் சொன்னது கடை முழுக்கக் கேட்டது.

மாமனாருக்கும் கணவனுக்கும் நடுவில் நின்ற மருமகள் தலை நிமிரவில்லை.

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஊறி உப்பிய அட்டைப்பெட்டியும், நுரை அடங்காத தோட்டாக்களும்.

"எங்கப்பா கோட்டுப் பையில வச்சிருந்தாராம். பையைத் தடவிக்கூடப் பார்க்காம அப்படியே வாளியில முக்கிட்டா" என்றான் மகன். "படிச்ச பொண்ணுன்னு பேரு!"

"கோட்டாவது வெளுத்துதா?" என்றார் மீசைக்காரர்.

மாமனார் மட்டும் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. கிடங்குக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி மூக்கில் இருக்கும்போதே, சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெயில்ல காய வச்சாப் போதும்னேன். கேக்க மாட்டேன்னுட்டா. துப்பாக்கியையும் தூக்கிட்டு இங்க வந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடிவாதம்" என்றார்.

"நல்லவேளை, பிடிவாதம் பிடிச்சாங்க" என்றார் கடைக்காரர். ஒரு தோட்டாவை எடுத்து விளக்கடியில் திருப்பினார். "இது ஆகாதுங்கய்யா."

"மேல துடைச்சா?"

"மேல துடைச்சிரலாம். உள்ள இருக்கிற மருந்து காஞ்சுதா இல்லையான்னு யாரு எட்டிப் பார்க்கறது? விசையை அழுத்துவீங்க, வெடிக்காது. என்னடான்னு குழலைத் திருப்பிப் பார்க்கும்போது வெடிச்சாலும் வெடிக்கும். இல்லைன்னா பாதி வேகத்துல கிளம்பிக் குழலுக்குள்ளேயே அடைச்சுக்கும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா, குழலே பிளந்துரும்."

"ஒண்ணு ரெண்டு நல்லா இருக்குமே?"

"எது நல்லதுன்னு பார்த்தாத் தெரியாதே. அதனால எல்லாமே கெட்டதுதான். வெயில்ல, அடுப்புப் பக்கத்துல வச்சுக் காய வைக்கவே கூடாது. குப்பையிலயும் போடக் கூடாது. இங்க கொடுத்துட்டுப் போங்க. முறைப்படி அழிக்க அனுப்பிடறோம்."

"பார், உன்னால எவ்வளவு தண்டம்" என்று மகன் ஆரம்பிக்க, அவன் கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனான்.

மாமனார் தன் விரல்களை முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை. "கை கழுவிட்டு வரேன்" என்று பின்பக்கம் போனார்.

கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடுத்து ஒருமுறை திருப்பினார்.

"ஏம்மா, இந்தப் பெட்டி எந்தக் கோட்டுப் பைக்குள்ளயும் நுழையாதே?"

அவள் நகத்தைச் சுரண்டினாள்.

"நான்தான் அலமாரியிலேருந்து எடுத்துப் போட்டேன்."

மீசைக்காரர் திரும்பினார்.

"அத்தை போனதிலேருந்து மாமா சரியாச் சாப்பிடறதில்ல. யார்கூடவும் பேசறதில்ல. அறைக் கதவைச் சாத்திக்கிட்டு இந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். தோட்டத்துல பன்னி மேயுதுன்னு வாங்கின துப்பாக்கி. தோட்டத்தைத்தான் வித்தாச்சே... இன்னும் எதுக்கு?" குரல் இறங்கியது. "இவர்கிட்ட சொன்னா, 'எங்கப்பா அப்படியெல்லாம் பண்ணிக்க மாட்டார், வாயை மூடு'ங்கறார். எனக்கு வேற வழி தெரியலண்ணா. கண்ணு தெரியாம துவைச்சவள்னு திட்டு வாங்கினா வாங்கிட்டுப் போறேன்."

பின்பக்கம் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

மாமனார் வந்து நின்றார். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். புதுசா ஒரு பெட்டி கொடுங்க."

"ஸ்டாக் இல்லைங்கய்யா" என்றார் கடைக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய அதே பெட்டிகள்.

"ஆமாங்க, நானும் அதுக்குத்தான் வந்தேன். இல்லைன்னுட்டார்" என்றார் மீசைக்காரர். அப்போதுதான் வாங்கி மேசைமேல் வைத்திருந்த பெட்டியை மெல்லத் துண்டால் மூடினார்.

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாதுங்க. துப்பாக்கியும் இங்கேயே இருக்கட்டும். குழலைப் பார்த்து, எண்ணெய் போட்டு வைக்கிறேன். ரசீது எழுதித் தரேன்."

"நான் ஒண்ணையும் சுடலையே. குழலுக்கு என்ன?"

"இருந்தாலும் பார்த்துரலாங்கய்யா."

மாமனார் அலமாரியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் வழிந்ததை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம் மாமா. காலையிலயும் நீங்க ஒண்ணுமே சாப்பிடல" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு திறந்தார்.

உள்ளே ஒரே ஒரு தோட்டா. சொட்டு ஈரம்கூடப் படாதது.

"இதுவும் நனைஞ்சதுதாம்மா" என்று அதை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார்.