அப்பாவிடம் மிஞ்சிய ஓகே

"ஃபேனை நிறுத்திடட்டுமா மாமா?"

"ஓகே" என்றார் அப்பா.

அண்ணி நிறுத்தியேவிட்டாள்.

பெட்டியும் கையுமாக வாசலில் நின்ற மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உச்சிவெயில் நேரம். அப்பாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. "ஓகே… ஓகே…" என்று இடக்கையால் மேலே சுட்டிக் கெஞ்சினார். அண்ணியோ கட்டிலருகே முக்காலியைப் போட்டுக்கொண்டு, தானும் வியர்த்து வழிந்தபடி, அவர் வாயையே பார்த்திருந்தாள்.

"என்ன அண்ணி இது அநியாயம்!" மகள் பாய்ந்துபோய் சுவிட்சைத் தட்டினாள்.

"வாம்மா. அவர்தானே ஓகேன்னார்?" என்றாள் அண்ணி, அசராமல்.

பக்கவாதம் வந்துபோன பிறகு அப்பாவிடம் மிஞ்சிய சொல் அது ஒன்றுதான். எல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்றார் மருத்துவர். தாகத்துக்கும் ஓகே. வலிக்கும் ஓகே. மகளைக் கண்டு கண் நிறைந்ததற்கும் அதே ஓகே. ஒற்றைத் திருநாமத்தைக் கொண்டே துதியும் முறையீடும் ஊடலும் செய்யும் அடியாரைப்போல, அந்த இரண்டெழுத்துக்குள் தம் நெஞ்சில் எழுவதையெல்லாம் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும், அந்தச் சொல்லில் அவர் மகா கருமி. இயந்திர உதிரிகள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கையில் எப்போதும் சாக்பீஸ். "வேண்டாம்" என்று அவர் ஒதுக்கியவை மூலையில் குன்றாகக் குவிந்து கிடக்கும். அதனால்தான், அவர் ஓகே என்று எழுதியதை யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் மகளுக்கு வயிறு எரிந்துபோயிற்று.

"போர்வையை இழுத்து மூடட்டுமா மாமா?"

"ஓகே."

அந்தப் புழுக்கத்தில் கழுத்துவரை மூடினாள்.

"டிவியை நிறுத்தட்டுமா?"

"ஓகே."

கிரிக்கெட் ஆட்டம் முடியும் தறுவாயில் நிறுத்தினாள். அப்பா பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தால் மறுபடியும் ஓகேதான்.

"பதில் பேச முடியாதவர்கிட்டதான் உங்க வீரமா அண்ணி? பச்சைக் குழந்தை மாதிரி ஆயிட்டார் எங்கப்பா!"

"இன்னும் கொஞ்ச நேரம். நீ நடுவுல வராதே பாப்பா."

"எதுக்குக் கொஞ்ச நேரம்?"

அண்ணி முக்காலியைக் கட்டிலை ஒட்டி நகர்த்திக்கொண்டாள்.

இருட்டும்போது அண்ணன் வந்தான். "வந்துட்டியா பாப்பா? நல்லதாப் போச்சு. நாளைக்குப் பத்திரப் பதிவு ஆபீசர் வீட்டுக்கே வர்றார். அப்பா இந்த வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுக்கிறார்."

"அப்பாவா? ரெண்டு பேருக்கும்னுதானே சொல்லிட்டிருந்தார்?"

"அது அப்போ. இப்போ கேட்டுப் பாரேன். அப்பா, எழுதிக் குடுத்துடலாமா?"

"ஓகே."

"பார்த்தியா? பிறந்ததிலேருந்து இப்போதான் மனுஷன் என் பேச்சைக் கேக்கிறார்!" தன் நகைச்சுவைக்கு அண்ணன் தானே சிரித்துக்கொண்டான்.

மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் ஓகே என்பதற்கு அப்பாவைப் பழக்குகிறாள் இந்த மகராசி! வீடு வந்து விழப்போவது இவள் மடியில்தானே!

மறுநாள் ஆபீசர் வந்தார். பொறுமைசாலி. நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப்போட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"ஐயா, இந்த வீடு முழுசையும் உங்க மகனுக்கே எழுதிக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா?"

அப்பா அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓ…" என்று தொடங்கினார் அப்பா.

அண்ணன் பேனா மூடியைக் கழற்றினான்.

அப்பா அந்த எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். உதட்டைக் குவித்தார், கடித்தார், பிரித்தார். பாறையைப் பெயர்ப்பவரைப்போல உடம்பெல்லாம் நடுங்கியது.

"வே… வேண்… டாம்."



"இது அவர் பேச்சே இல்லை சார்!" அண்ணன் துள்ளி எழுந்தான். "இத்தனை மாசமா ஓகே தவிர ஒரு வார்த்தை வந்ததில்லை. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க!"

"நான்தான்" என்றாள் அண்ணி. "நீங்க பத்திரம்னு பேச்சை எடுத்த நாளிலேருந்து. எதைச் செஞ்சா அவருக்குக் கோபம் வருமோ, அதையெல்லாம் செஞ்சேன். கோபத்துலயாவது அந்தப் பழைய 'வேண்டாம்' வருதான்னு பார்த்தேன்."

"அடிப்பாவி! வீடு நமக்குத்தானே வந்திருக்கும்?"

"வரட்டுமே. அவர் ஓகேன்னு சொல்லியிருந்தா நானும் சந்தோஷமா வாங்கிட்டிருப்பேன். ஆனா அவர் கையில ரெண்டு வார்த்தை இருந்து, அதுல ஒண்ணை அவரா எடுத்துக் குடுக்கணும்."

ஆபீசர் எழுந்து அப்பாவை வணங்கிவிட்டுப் புறப்பட்டார். அண்ணன் பின்னாலேயே ஓடினான்.

மகள் அண்ணியின் முகத்தைப் பார்க்கத் திராணியின்றி நின்றாள். பிறகு மெல்ல நடந்துபோய், சுவிட்சின்மேல் விரலை வைத்தாள்.

"ஃபேனை நிறுத்திடட்டுமாப்பா?"

"வேண்… டாம்!"

"ஓடட்டுமா?"

"ஓகே" என்றார் இன்ஸ்பெக்டர்.