வராதே தாயி

ஆறு மாதக் கர்ப்பிணியான கிருஷ்ணப்ரியா, கனடாவிலிருந்து ஒக்கூரில் இருக்கும் அம்மா வள்ளிக்கண்ணுவை வீடியோவில் அழைத்தாள்.

“அம்மா, சென்னையில கம்ப்யூட்டர் மாநாடு. என்னையப் பேசக் கூப்பிட்டிருக்காக. டாக்டரும் சரின்னுட்டாக. அப்படியே வீட்டுக்கும் வரலாமுல்ல? வரவா?”

“வேணாம் தாயி. இங்குட்டு அடிக்கிற வெயிலுக்குக் காக்கா பூராவும் கோழிக்கு அடியில நிழலுக்கு ஒதுங்குது.”

“புளுகாதீகம்மா. அப்பாக்கிட்ட குடுங்க. அவுக வரச் சொல்வாக.”

“அவுக பிள்ளையார்பட்டித் தேருக்குச் சக்கரம் செய்யப் போயிருக்காக.”

“அவுக போனு?”

“குளத்துல விழுந்துருச்சு. அடிச்சா மீனுதான் எடுக்குது.”

வள்ளிக்கண்ணுவுக்குப் பொய்யே வராது. அன்றைக்கு என்னவோ கூடை கூடையாக வந்தது.

மகள் சிரிக்கவில்லை. “எப்ப வருவ, எப்ப வருவன்னு வருஷமெல்லாம் அழுதீக. இப்ப வாரேன்னா விரட்டுறீக. போங்க, நான் வரலை.” வெடுக்கென்று அழைப்பைத் துண்டித்தாள்.

பக்கத்து வீட்டு முத்துமாரி கேட்டாள்: “சொல்லித் தொலைச்சா என்னக்கா?”

“பிள்ளைத்தாச்சி தாங்குவாளா? நல்லபடியாப் பெத்துப் பிழைக்கட்டும்டி. அப்புறம் அவ அப்பனுக்கும் சேத்து அழுதுக்கிடட்டும்.”

மகள் பார்ப்பதற்காக மட்டும் நெற்றியில் வைத்திருந்த குங்குமத்தை, வள்ளிக்கண்ணு முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.