இடப்பக்கத்து ஜிப்

"துணியே இருக்கட்டும் மேஸ்திரி. லெதரெல்லாம் எனக்கு எதுக்கு?"

லாரியின் படியில் உட்கார்ந்தபடி டிரைவர் சொன்னார். குரலில் பிடிவாதம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

சீட் தைக்கும் மேஸ்திரி கறுப்பு லெதரை மேசை மேல் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "ஆர்டர் கொடுத்தது உங்க முதலாளிண்ணே. துணியைக் கழட்டி வீசிட்டு முழுசா லெதர் போடுன்னு போன்ல ரெண்டு தடவை சொல்லிட்டார். டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் ஒரு ஜிப் வேற வைக்கணுமாம். லெதர் சீட்டுக்கு எவன் ஜிப் கேட்டான்?"

"வண்டிப் பேப்பர் வைக்கிறதுக்கா இருக்கும்."

மேஸ்திரி கேபினுக்குள் ஏறினார். தலைக்கு மேலே சின்ன ஃபேன். பின்னால் படுக்கைப் பலகையில் தடிமனான மெத்தை.

"ஃபேன், மெத்தை, இப்ப லெதர். புது மாப்பிள்ளையைக்கூட இப்படிக் கவனிக்க மாட்டாங்க. நீங்க என்னடான்னா முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

டிரைவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மேஸ்திரி துணி உறையின் கொக்கிகளைக் கழற்றத் தொடங்கியதும் சட்டென்று எழுந்தார். "இருங்க, அதை நானே உரிச்சுத் தர்றேன்."

"என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்கண்ணே." மேஸ்திரி இழுத்தார். வருஷக்கணக்கில் வியர்வை குடித்து மக்கிப்போன துணி கிழிந்துகொண்டு வந்தது. அதற்கடியில் பல் உடைந்த சீப்பு ஒன்று, காலி மாத்திரை அட்டை, நான்காக மடித்த மூன்று காகிதங்கள்.

"அடடே. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாத கடுதாசியா?"

"இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்." டிரைவர் காகிதங்களை வாங்கிச் சட்டைப் பையில் திணித்தார். "வேலையை விட்டு நின்னுக்கறேன்னு முதலாளிக்கு எழுதினது. வருஷத்துக்கு ஒண்ணு."

"கொடுக்கலையா?"

"லீவு முடிஞ்சு வந்ததும் கொடுக்கணும்னு ஒவ்வொரு தடவையும் எழுதி வச்சுட்டுத்தான் ஊருக்குப் போவேன். திரும்பி வந்தா அந்த மனுஷன் எனக்கு ஏதாவது நல்லது பண்ணிட்டுச் சிரிச்சுக்கிட்டு நிப்பார். வாய் அடைச்சுப் போயிடும். நேத்தும் அப்படித்தான். வந்து நின்னேன், வண்டியை லெதர் போடக் கொண்டு போங்கன்னுட்டார்."

"நல்ல முதலாளி. அப்புறம் எதுக்கு நிக்கணும்?"

டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "வீட்ல அவ வழுக்கி விழுந்ததுல இருந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறா. ஒரு வாய் தண்ணிக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணு எட்டிப் பார்க்கணும். அங்க இருக்க வேண்டியவன் இங்க ஊர் ஊரா சுத்திக்கிட்டு இருக்கேன். நான் போனா எங்க நாயே குரைக்குது, எவனோ வந்துட்டான்னு."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது; பாதியில் விழுங்கிக்கொண்டார். "இதை அப்படியே எழுதியிருந்தா விட்டிருப்பாரே."

"எங்க எழுதினேன்? வீட்டு விஷயத்தை முதலாளிக்கு எழுதக் கூச்சம். வெக்கை, இடுப்பு வலி, வியர்வைன்னு எல்லாப் பழியையும் வண்டி மேலயே போட்டுட்டேன்." டிரைவர் பையிலிருந்த காகிதங்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் காதில் செருகியிருந்த பென்சிலுக்காகக் கையை நீட்டினார். "கொடுங்க. இன்னைக்கு உள்ளதை உள்ளபடி எழுதிடறேன். சாயங்காலம் அவர் வந்ததும் கையிலயே கொடுத்துடறேன்."

"கொடுத்துட்டுத்தான் வண்டியில ஏறணும். ஆமா." மேஸ்திரி பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

லெதர் சுற்றி வந்த பழுப்புத் தாளில் ஒரு துண்டு கிழித்து டிரைவர் எழுத உட்கார்ந்தார். நாலு வரிக்கு மதியம் முழுவதும் ஆயிற்று. மேஸ்திரி ஒரு சீட்டைத் தைத்து முடித்து அடுத்ததற்கு ஊசி மாற்றும்போதும் அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் முதலாளி வந்தார். டிரைவரைவிடப் பத்து வயது இளையவர். லெதரை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். "ஏறி உக்காருங்கண்ணே."

"முதலாளி, ஒரு விஷயம் சொல்லணும்..."

"முதல்ல உக்காருங்க. எதுவா இருந்தாலும் அப்புறம்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். முதுகு தானாகச் சாய்ந்தது. கண்களை மூடி, மெதுவாகத் திறந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு முதலாளி."

சட்டைப் பைக்குப் போன கை பாதியில் நின்றது. கீழே நின்ற மேஸ்திரி புருவத்தை உயர்த்தி, 'கொடுங்க' என்று சாடை காட்டினார். டிரைவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்கத் தொடங்கினார்.

முதலாளி மேஸ்திரியின் தோளில் கை போட்டுத் தள்ளி அழைத்துப் போனார். "ஜிப் வச்சாச்சா? கை தாராளமா நுழையணும்."

"நுழையும். ஆனா எதுக்கு சார் அது?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "லீவுக்குப் போறப்ப வண்டியை என் ஷெட்லதான் விட்டுட்டுப் போவார். சீட் உறைக்கு அடியில ஒரு கடுதாசி இருக்கும். வெக்கை தாங்கலை, நின்னுக்கறேன்னு இருந்துச்சு, ஃபேன் மாட்டினேன். அடுத்த வருஷம் இடுப்பு வலின்னார், மெத்தை போட்டேன். இப்ப வியர்வைன்னார், இதோ லெதர். இப்படி ஒரு டிரைவரை விட முடியுமா சொல்லுங்க? கடுதாசி வைக்க ஒரு இடம் இல்லாமப் போச்சுன்னா, அடுத்து அவருக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், கேபினிலிருந்து ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.